வீட்டு வாயுவுலையும் அதன் பேணுகையும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நவம்பர் தொடங்கி மார்ச்சு முடியுமளவும் வீட்டைச் சூடேற்றாது வாழ்தல் இயலாது. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருபது பாகை செல்சியசு வரை இறங்கும் இரவுகளும் உண்டு. அத்தகைய இரவிற் சூடின்றி விடப்பட்ட வீட்டிற் குழாய்நீர் உறைந்து விரியக் குழாய்கள் வெடிக்கும். ஆதலின் அந்நாட்டில் வீடு கட்டுவோர் கூரையை எண்ணும்போதே வெப்பத்தையும் எண்ணுவர். பெரும்பாலான வீடுகளில், நிலமட்டத்துக்குக் கீழே அமைந்த அடித்தளத்தில், அலுமாரி போன்ற உலோகப் பெட்டியொன்று நிற்கும். அதனுள் இயற்கைவாயு எரியும். அவ்வெப்பம் காற்றின் வழியாக எல்லா அறைகளையும் சென்றடையும். 1983ஆம் ஆண்டின் பின்னர் ஈழத்தினின்றும் பெயர்ந்து ரொறன்ரோவிலும் அதன் அயலிலும் குடியேறிய தமிழர் அதனைப் ‘பேர்ணஸ்’ என்றே வழங்குவர். ஈண்டு அது வாயுவுலை எனப்படும்.

யாழ்ப்பாணத்து வீட்டிலே தீ என்பது அடுப்படியில் இருப்பது. சமையல் முடிந்ததும் அணைக்கப்படுவது. புகை கண்ணைக் கரித்தால் எழுந்து அப்பாற் செல்லலாம். வாயுவுலையின் தீயோ எவரும் காணாவிடத்தில், எல்லோரும் உறங்கும் பொழுதிலும், தானே மூண்டு தானே அணைவது. அது பிழைபட எரியுமிடத்து விளையும் நஞ்சு கண்ணைக் கரிக்காது, மூக்குக்கும் எட்டாது. எனவே அவ்வுலையைத் துப்புரவு செய்து பேணுதல் பணத்தை மிச்சம் பிடிக்கும் காரியம் மாத்திரமன்று. அதே வேளையில், உள்ளுறுப்புக்களைக் கழற்றிப் பார்க்கும் துணிவும் இங்கு வேண்டப்படுவதன்று. வீட்டுக்காரர் எதுவரை செல்லலாம், எவ்விடத்தில் நின்றுவிட வேண்டும் என்பதைத் தெளிதற்கு அப்பொறியின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும்.

வாயுவுலை, ஒன்றோடொன்று கலக்கலாகாத இரு காற்றுக்களைக் கையாளும் பொறி. ஒன்று தீயின் காற்று; அது வாயுவோடு கூடி எரிந்து, வெப்பமாற்றி எனப்படும் உருக்குக் குழாய்களினுள்ளே ஓடி, புகைவழியாக வீட்டுக்கு வெளியே போவது. மற்றையது மனிதரின் காற்று. அறைகளினின்றும் இழுக்கப்பட்டு, வடிகட்டியினூடு சென்று, அதே குழாய்களின் வெளிப்புறத்தைத் தழுவிச் சூடேறி, மீண்டும் அறைகளுக்கு ஊதப்படுவது. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது மெல்லிய உலோகச் சுவரொன்றே. வெப்பம் அச்சுவரைக் கடக்கவேண்டும், காற்று கடத்தலாகாது. உலையைப் பேணுவதற்கெனக் கூறப்படும் விதிகள் பலவாயினும், அவற்றுட் பெரும்பாலன அச்சுவரைக் காப்பதற்காகவே எழுந்தவை.

இனி, உலை மூளும் முறையை நோக்குவாம். அறைச் சுவரிலுள்ள வெப்பநிலைநிறுத்தி, குளிர் மிகுந்ததைக் கண்டு உலைக்குக் குறிப்பனுப்பும். உடனே வாயு திறக்கப்படுவதில்லை. முதலில் இழுவிசிறி ஒன்று சுழன்று, குழாய்களில் எஞ்சி நின்ற பழைய வாயுக்களை வெளியேற்றும். புகைவழி திறந்திருக்கின்றது என்பதை அமுக்கத்தால் உணரும் ஆளியொன்று உறுதி செய்தபின்னரே, எரியூட்டி செந்தணலாகும். அதன்பின் வால்வு திறக்க, வாயு பற்றிக்கொள்ளும். சுவாலை உண்மையில் மூண்டதா என அறிய உலோகக் கோலொன்று அதனுள் நீட்டப்பட்டிருக்கும். சுவாலையில் அயன்கள் உண்டாதலின் அது மின்னை ஒருவாறு கடத்தும். கோலினூடாகப் பாயும் மின்னோட்டம் மைக்குரோ அம்பியர் சிலவே. எனினும் அச்சிறு மின்னோட்டம் இல்லையாயின் உலை சில வினாடிகளில் வாயுவை அடைத்துவிடும். அக்கோலின் மேல் மெல்லிய படிவு படிந்தால், சுவாலை எரிந்துகொண்டிருக்கவும், அஃது இல்லையென உலை கருதி அணைந்துபோகும். குளிர்கால நள்ளிரவில் வந்து சேரும் திருத்துநர் பலர், இக்கோலைத் துடைத்துவிட்டுத் திரும்புவதே வழக்கம். செயல் எளிதுதான், ஆயின் அதன் பொருட்டு எரியறையைத் திறக்கவேண்டியிருத்தலின் அது வீட்டுக்காரர் கையாளும் வேலையன்று.

தீயை இவ்வாறு அடைத்துவைத்து ஆளும் முறை நெடுங்காலப் பட்டறிவின் பயன். ரொறன்ரோ வீடுகளில் முன்னர் நிலக்கரியும் பின்னர் எண்ணெயும் எரிக்கப்பட்டன. 1848இல் அந்நகரில் தொடங்கப்பட்ட கொன்சியூமேர்ஸ் காஸ் நிறுவனம் நிலக்கரியினின்றும் பெறப்பட்ட வாயுவை வழங்கியது. அவ்வாயுவிலேயே காபனோரொட்சைட்டுக் கலந்திருந்தமையால், எரியாது கசியினும் அஃது உயிரைக் கொள்ளும். இயற்கைவாயு நெடுங்குழாய் வழியே ரொறன்ரோவை அடைந்தபின் அந்நிலை மாறிற்று. இயற்கைவாயுவின் பெரும்பகுதி மெதேன். அதிற் காபனோரொட்சைட்டு இல்லை. இதற்கு முன்னரே, 1919 டிசெம்பரில், அமெரிக்கரான அலிஸ் பாக்கர் என்னும் ஆபிரிக்க மரபுப் பெண்மணி, வாயுவை எரித்துக் காற்றுக்குழாய்களால் அறைதோறும் வெப்பம் செலுத்தும் உலைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். இன்றைய உலைகள் அவர் வரைந்தவாறு அமைந்தவை அல்லவெனினும், வீட்டின் பல பாகங்களுக்கும் வெப்பத்தைப் பகிர்ந்து செலுத்தும் எண்ணம் அவர் வரைபடத்திற் காணப்படுகின்றது.

இயற்கைவாயுவில் நஞ்சில்லையெனின் அச்சம் எதற்கு எனக் கேட்கலாம். விடை எரிதலின் இரசாயனத்தில் உள்ளது. மெதேன் போதிய ஒட்சிசனோடு முற்றாக எரியுமிடத்துக் காபனீரொட்சைட்டும் நீராவியும் மாத்திரமே விளையும். ஒரு கனவளவு வாயுவுக்கு ஏறக்குறையப் பத்துக் கனவளவு காற்று வேண்டும். காற்றுக் குறையின் எரிதல் குறைபடும். காபன் முழுமையாக ஒட்சியேற்றம் பெறாது காபனோரொட்சைட்டாக நின்றுவிடும். பாடசாலை ஆய்கூடத்திற் பன்சன் சுடரடுப்பைக் கையாண்ட மாணவர் இதனைக் கண்ணாற் கண்டிருப்பர். காற்றுத்துளை திறந்திருக்கையிற் சுவாலை நீலநிறமாய் நிலைத்து நிற்கும்; மூடினால் மஞ்சளாகி அசையும்; அதன் மேற் பிடித்த பீங்கான் கரிபடும். 1855 அளவிற் பன்சன் அமைத்த அவ்வடுப்பு மேசைமீது காட்டும் உண்மையே அடித்தளத்து உலைக்கும் பொருந்தும். உலையின் பார்வைத்துளை வழியே நோக்குகையில் நீலச்சுவாலை அசையாது நிற்றல் நற்குறி. இடையிடையே தோன்றி மறையும் செம்மஞ்சட் பொறிகள் தூசு எரிதலால் உண்டாவன. அவை பற்றிக் கவலை வேண்டியதில்லை. சுவாலை முழுவதும் மஞ்சளாதலும், ஊதுவிசிறி தொடங்கிய கணத்தில் அஃது அலைந்து ஆடுதலும் தீக்குறிகள். பின்னையது, வெப்பமாற்றியில் வெடிப்பு உண்டாகி மனிதரின் காற்று தீயின் அறைக்குட் புகுகின்றது என்பதைக் காட்டக்கூடும். அந்நிலையில் உலையை நிறுத்தித் தொழினுட்பரை அழைத்தலன்றி வேறு செய்யத்தக்கது இல்லை.

காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் சுவையும் அற்றது. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வன்மையோடு இவ்வாயுவைப் பற்றும். பற்றியதை எளிதில் விடாது. மூச்சு வழமைபோல் நடக்க, உடல் ஒட்சிசனின்றி வாடும். தலையிடி, மயக்கம், குமட்டல், சோர்வு என்பன முதற் குறிகள். இவை தடிமன் காய்ச்சலின் குறிகளை ஒத்திருத்தலே இதன் வஞ்சகம். வீட்டிலுள்ள யாவருக்கும் ஒரே நாளில் தலையிடித்தலும், வெளியே சென்றால் அது தணிதலும் காணப்படின், நோய் உடலிலன்று, வீட்டிலே உள்ளது எனக் கொள்ளல் வேண்டும். 1890களில் யோன் ஸ்கொற் கோல்டேன் என்னும் அறிஞர் இவ்வாயுவைத் தாமே முகர்ந்து அதன் விளைவுகளைக் குறித்து வைத்தார். சுரங்கங்களுக்குச் சிறு பறவைகளைக் கொண்டு செல்லும் வழக்கம் அவருடைய ஆய்வின் பயனாகப் பரவிற்று. பிரித்தானியச் சுரங்கங்களில் அது 1986 வரை நிலைத்தது.

அப்பறவையின் இடத்தில் இன்று இருப்பது மின்னால் இயங்கும் எச்சரிக்கைக் கருவி. ஒன்ராறியோவில் அது சட்டத்தால் வேண்டப்படுவதற்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. 2008 டிசெம்பரில் வூட்ஸ்ரொக் என்னும் ஊரிற் கோக்கின்ஸ் குடும்பத்தினர் நால்வர், தாயும் தந்தையும் பிள்ளைகள் இருவரும், தம் வீட்டிலேயே இவ்வாயுவால் மாண்டனர். வாயுக்கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. எச்சரிக்கைக் கருவி அவ்வீட்டில் இருக்கவில்லை. அவர்களின் உறவினரும் தீயணைப்பாளராயிருந்தவருமான ஒருவர் இடைவிடாது முயன்றதன் பயனாக, அக்குடும்பத்தின் பெயரையே தாங்கிய சட்டம் 2013இல் நிறைவேறிற்று. உறங்குமிடங்களின் அருகே கருவி இருத்தல் 2014 ஒக்டோபரிற் கட்டாயமாயிற்று. 2026 சனவரி முதல் வீட்டின் ஒவ்வொரு தளத்துக்கும் அவ்விதி விரிக்கப்பட்டது.

இக்கருவி பற்றிச் சில பிழையான எண்ணங்கள் உலவுகின்றன. காபனோரொட்சைட்டு பாரமானது, ஆகவே நிலத்தருகே கருவியை வைக்கவேண்டும் என்பர் சிலர். இலேசானது, ஆகவே கூரையில் வைக்கவேண்டும் என்பர் வேறு சிலர். உண்மையில் அதன் அடர்த்தி காற்றின் அடர்த்தியை ஏறத்தாழ ஒத்தது. அறை முழுவதும் பரவிக் கலப்பது. எனவே உயரத்தைவிட, உறங்குவோரை எழுப்பத்தக்க அண்மையே முதன்மையானது. மேலும், காற்றின் பத்து இலட்சம் பங்கில் 70 பங்கு இவ்வாயு இருப்பின் கருவி ஒலிக்க ஒரு மணி நேரம் முதல் நான்கு மணி நேரம் வரை செல்லும். 400 பங்கு இருப்பின் நான்கு நிமிடத்துக்கும் பதினைந்து நிமிடத்துக்கும் இடையில் ஒலிக்கும். கருவி ஒலிக்கவில்லை என்பதைக் கொண்டு வீட்டில் இவ்வாயு சிறிதும் இல்லையென முடிவு செய்தல் தவறு. கருவியினுள்ளிருக்கும் உணரி ஏழு முதற் பத்து ஆண்டுகளில் வலுவிழக்கும். மாற்றவேண்டிய ஆண்டு அதன் முதுகிற் பொறிக்கப்பட்டிருக்கும்.

நிற்க, வீட்டுக்காரர் தம் கையாற் செய்யவேண்டிய பணிகளுள் தலையாயது வடிகட்டியை மாற்றுதல். மிகச் சிறியதாகத் தோன்றும் இச்செயலைப் புறக்கணித்தலே உலைகள் கெடுவதற்குப் பெருங் காரணங்களுள் ஒன்று. வடிகட்டி மூச்சுக்காற்றைத் தூய்மையாக்குவதற்கென வைக்கப்பட்டது எனப் பலர் கருதுவர். அது பாதி உண்மையே. தூசினால் அடைபட்ட வடிகட்டியினூடு காற்று போதியளவு செல்லாது. செல்லாதபோது வெப்பமாற்றியின் சூட்டை எடுத்துச் செல்ல யாதுமில்லை. உலோகம் அளவுக்கு மீறிச் சூடாகும். எல்லை கடந்ததும் காவல் ஆளியொன்று தீயை அணைக்கும். ஆறியதும் மீண்டும் மூட்டும். இவ்வாறு விரிந்தும் சுருங்கியும் வருந்தும் உலோகம் நாளடைவில் வெடிக்கும். இரு காற்றுக்களையும் பிரிக்கும் சுவர் இங்ஙனம் பிளத்தல் கூடும். சில டொலருக்கு வாங்கத்தக்க ஒரு கடதாசிச் சட்டத்தை மாற்றாமையால், ஆயிரக்கணக்கான டொலர் பெறுமதியான உலையும் வீட்டாரின் பாதுகாப்பும் கேள்விக்குரியனவாகும்.

ஓரங்குலத் தடிப்புள்ள வடிகட்டியைச் சூடேற்றும் காலத்தில் மாதந்தோறும் எடுத்துப் பார்த்தல் வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் எக்காரணத்தாலும் விடலாகாது. நான்கு அல்லது ஐந்து அங்குலத் தடிப்புள்ளவை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தாங்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நோக்கி, ஒளி ஊடுருவாவிடின் மாற்றிவிடலாம். இக்காலக் கணக்கு எல்லா வீட்டுக்கும் ஒன்றன்று. நாள்தோறும் பொரியலும் தாளிதமும் நடக்கும் வீட்டில், வெள்ளிக்கிழமைகளிற் குத்துவிளக்கும் சாம்பிராணியும் ஏற்றப்படும் வீட்டில், எண்ணெய்ப் புகையும் கரியும் தூசோடு சேர்ந்து வடிகட்டியை விரைவில் அடைக்கும். நாயும் பூனையும் வளர்ப்போர் வீட்டிலும் அவ்வாறே. சட்டத்தின் ஓரத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது காற்றுச் செல்லும் திசையை, அதாவது உலையை நோக்கி நிற்றல் வேண்டும்.

மிக நுண்ணிய வடிகட்டியே சிறந்தது என்னும் எண்ணமும் ஆராயத்தக்கது. மேர்வ் என்னும் அளவெண் உயர உயரச் சிறுதுணிக்கைகள் மிகுதியாகப் பிடிபடும். ஆயின் காற்றுக்குத் தடையும் பெரும்பாலும் மிகும். வீடுகள் பலவற்றுக்கு 8 முதல் 11 வரையுள்ளவை போதும். 13க்கு உயர்த்த விரும்புவோர், தம் உலையின் ஊதுவிசிறி அத்தடையைத் தாங்குமோ என அறிந்தபின்னரே உயர்த்தல் நன்று. கடையில் விலை கூடியதை வாங்கி மாட்டிவிட்டு, உலை ஏன் அடிக்கடி நின்று மூள்கின்றது என வியப்போர் உளர்.

வடிகட்டியை மாற்றும்போதும் உலையின் புறத்தைத் துப்புரவாக்கும்போதும் முதலில் மின்னை நிறுத்தல் வேண்டும். அதற்குரிய ஆளி உலையின் பக்கத்திலோ அடித்தளப் படியின் தலைப்பிலோ இருக்கும். விளக்கின் ஆளி போன்றே தோற்றுதலின், பலவற்றிற் சிவப்புத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். வாயுக்குழாயில் உள்ள வால்வின் கைப்பிடி குழாயோடு ஒரே நேராக இருந்தால் திறந்துள்ளது. குறுக்காக இருந்தால் அடைபட்டுள்ளது. வீட்டில் வாழும் ஒவ்வொருவரும் இவ்விரண்டும் இருக்குமிடத்தை அறிந்திருத்தல் அவசியம். உலை சூடாக இருப்பின் ஆறவிடவேண்டும். பின்னர் உலையின் மேலும் சுற்றிலும் படிந்த தூசை மென்தூரிகை பூட்டிய தூசுறிஞ்சியால் அகற்றலாம். ஊதுவிசிறி இருக்கும் கீழ்க்கதவைத் திறந்து அதன் தரையிலுள்ள தூசையும் எடுக்கலாம்; விசிறியின் அலகுகளையும் கம்பிகளையும் தொடவேண்டியதில்லை. அக்கதவின் உட்புறத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். கதவு திறந்தவுடன் உலையை நிறுத்துவது அதுவே. கதவு திறந்திருக்கவே உலையை இயக்கிப் பார்க்கும் ஆசையால் அப்பொத்தானை ஒட்டுநாடாவால் அமுக்கிக் கட்டுவோர் உண்டு. ஊதுவிசிறி அப்பொழுது அடித்தளத்தின் காற்றையே இழுக்கும். பக்கத்தில் நிற்கும் வெந்நீர்க் கலத்தின் புகையையும் கூடவே இழுத்து அறைகளுக்கு அனுப்பும். இதனைவிடக் கொடிய பிழையை ஒருவர் தம் கையாற் செய்தல் அரிது.

எரியூட்டி பற்றி ஒரு சொல். அது பெரும்பாலும் சிலிக்கன் சேர்வையால் ஆயது, எளிதில் உடைவது. விரலின் எண்ணெய் பட்டாலும் சில வகைகள் அவ்விடத்தில் வெடித்துப்போகும். இதுவும் எரியறைக்குள் கை வைக்கலாகாது என்பதற்கு ஒரு காரணம்.

புதிய உலைகள் இன்னொரு பணியையும் வீட்டுக்காரருக்கு வைத்துள்ளன. ஒரு கனமீற்றர் வாயு எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் நீர் ஆவியாக விளையும். பழைய உலைகளில் அவ்வாவி சூட்டோடு புகைபோக்கி வழியே போயிற்று. எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு இருபதும் அதற்கு மேலும் அதனோடு போயின. இரண்டாவது வெப்பமாற்றியொன்றை அமைத்து அவ்வாவியை ஒடுங்கச் செய்தால் அதன் மறைவெப்பமும் கைக்கு வரும். கனடா 2009 இறுதியிற் புதிய உலைகளின் வினைத்திறனை நூற்றுக்கு 90 ஆகவும் 2019இல் 95 ஆகவும் விதித்தமையால், அங்கு விற்கப்படுபவை இவ்வகையினவே. புகை மிகவும் தணிந்த சூட்டில் வெளியேறுதலின் அதற்குச் செங்கற் புகைபோக்கி வேண்டாம். பிளாத்திக்குக் குழாய் போதும். ஒடுங்கிய நீரோ அமிலத்தன்மை உடையது. சிறு குழாய் வழியே தரைக் கான்வாயை அடைவது. அக்குழாயிற் பாசியும் அழுக்கும் அடைத்தால் நீர் உள்ளே தேங்கி உலை நின்றுவிடும். குழாய் மடங்கியுள்ளதா, நீர் சொட்டுகின்றதா எனக் குளிர்காலத்தில் இடையிடையே பார்த்தல் வீட்டுக்காரர் கடன். நீர் பெட்டியின் கீழே கசிந்து துருப்பிடித்த தடம் காணின் அது தொழினுட்பருக்குக் காட்டத்தக்கது.

இவ்வுலைகளின் காற்றுக்குழாயும் புகைக்குழாயும் வீட்டின் பக்கச்சுவரில், நிலத்தினின்றும் சிறிதே உயர்ந்து வெளிப்படுகின்றன. பெரும் பனி பொழிந்த காலையில் வாகனத்தின் மேலுள்ள பனியை அகற்ற விரையும் பலர் இக்குழாய்களை மறந்துவிடுவர். பாதையைத் துப்புரவாக்கிய பனியை இவற்றின் மேலேயே குவிப்பதும் உண்டு. பனியால், இலைச்சருகால், பறவைக்கூட்டால் இவை அடைபட்டால் உலை நிற்கவேண்டும்; அதற்கெனவே முன்கூறிய அமுக்க ஆளி அமைந்துள்ளது. ஆயினும் காவற்கருவி ஒன்று இருக்கின்றதென்று காவலை அதனிடமே விட்டுவிடல் அறிவுடைமையன்று.

தமிழர் வீடுகளுக்குச் சிறப்பாகப் பொருந்தும் செய்தியொன்றும் ஈண்டுக் கூறத்தக்கது. கறிமணம் வீட்டிற் தங்காதிருக்க, அடுப்பின் மேல் மிக வலிய வெளியேற்று விசிறி பூட்டுவர். அவ்விசிறி வெளியேற்றும் காற்றுக்கு ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வரவேண்டும். குளிருக்காக யன்னல்கள் இறுக அடைக்கப்பட்ட வீட்டில், அது புகைபோக்கி வழியாகவே கீழிறங்குதல் கூடும். அங்ஙனமாயின் வெந்நீர்க் கலத்தின் புகையோ பழைய உலையின் புகையோ மேலே செல்லாது வீட்டினுட் திரும்பும். வெளியிலிருந்து தனிக்குழாயாற் காற்றைப் பெறும் மூடிய உலைகளுக்கு இவ்விடர் குறைவு. ஆயின் அவ்வுலையின் அருகிலேயே பழைய முறை வெந்நீர்க் கலம் நிற்கும் வீடுகள் பல. விசிறி ஓடும்போது யன்னலொன்றைச் சிறிது திறந்து வைத்தல் எளிய காப்பு.

அடித்தளத்தை வாடகைக்கு விடும் வழக்கம் பெருகியுள்ள நகரில் இப்பொருள் இன்னும் கூர்மையடைகின்றது. புதிதாக வந்த மாணவனோ தொழிலாளியோ படுத்துறங்கும் அறைக்கும் உலைக்கும் இடையில் ஒரு கதவே இருக்கும். குளிரும் இரைச்சலும் பொறாது அவ்வறையினர் காற்றுத்துளைகளைத் துணியால் அடைப்பர். உலையறையிற் பெட்டிகளையும் உடுப்புக்களையும் அடுக்குவர். உலை அறையின் காற்றையே பெற்று எரிவதாயின், இவ்வடைப்பே முன்னர்க் கூறிய குறை எரிதலுக்கு வித்தாகும். நிறப்பூச்சு, பெற்றோல், பூச்சுக்கரைப்பான் முதலியன உலையருகே இருத்தலாகாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. வெளுக்கும் திரவம் பற்றிச் சொல்லவேண்டும்: அதன் குளோரீன் ஆவி எரியும் காற்றோடு சுவாலையை அடைந்தால் அமிலமாகி வெப்பமாற்றியை அரிக்கும். சலவைப் பொருள்களை உலையின் பக்கத்துத் தட்டில் வைக்கும் பழக்கம் இதனாற் கைவிடத்தக்கது. அடித்தளத்தில் உறங்குவோருக்கென அங்கேயே எச்சரிக்கைக் கருவி ஒன்று இருக்கின்றதா என்பதை வீட்டுக்காரரும் குடியிருப்போரும் ஒருங்கே உறுதி செய்தல் வேண்டும்.

எஞ்சியன தொழினுட்பருக்கு உரியன. ஒன்ராறியோவில், தொழினுட்பத் தரங்கள் மற்றும் பாதுகாப்பு அதிகாரசபையின் சான்றிதழ் பெற்றோரே வாயுப்பொறிகளில் வேலை செய்யலாம்; சான்றிதழைக் காட்டுமாறு கேட்டல் மரியாதைக் குறைவன்று. ஆண்டுக்கொருமுறை, குளிர் தொடங்குமுன் அவர் வருதல் நன்று. அவர் சுடரடுப்புக்களைத் துப்புரவாக்குவார். வாயுவின் அமுக்கத்தை அளப்பார். வெப்பமாற்றியில் வெடிப்பும் துருவும் உளவோ என நோக்குவார். உட்செல்லும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேற்றுமை, உலைத்தகட்டிற் குறித்த எல்லைக்குள் இருக்கின்றதா எனப் பார்ப்பார். புகையினுட் கருவி செலுத்திக் காபனோரொட்சைட்டின் அளவைக் காண்பார். வந்து வடிகட்டியை மட்டும் மாற்றிவிட்டுப் பற்றுச்சீட்டு நீட்டுபவர் இப்பணியைச் செய்தவராகார். அளந்த எண்களைத் தாளில் எழுதித் தருமாறு கேட்டு வாங்கி, உலையின் கதவிற் செருகி வைத்தால் மறு ஆண்டு ஒப்பிட்டு நோக்க உதவும். சுவாலை வெளியே வழிந்தமையால் துண்டிக்கப்பட்ட காவல் ஆளியை மீண்டும் மீண்டும் அமுக்கி உலையை இயக்க முயல்வோர், எரியும் கூரையின் கீழ் மணியை நிறுத்துவோரை ஒப்பர்.

தொலைபேசியில் அழைத்துக் குறைந்த கட்டணத்தில் காற்றுக்குழாய்களைத் துப்புரவாக்கித் தருவதாகக் கூறுவோரை அந்நாட்டில் அறியாதார் இலர். காற்றுக்குழாய்களைத் துடைத்தல் உலையைப் பேணுதலாகாது. அது நோயைத் தடுக்கும் என்பதும் நிறுவப்படவில்லை என ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனம் கூறியுள்ளது. எலியோ பூஞ்சணமோ குழாயினுட் காணப்பட்டாலன்றி, அப்பணத்தைத் தொழினுட்பருக்குச் செலவிடலாம்.

வாயுவே கசியுமாயின் செய்யவேண்டியது வேறு. இயற்கைவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. 1937 மார்ச்சு 18இல் ரெக்சாசு மாநிலத்தின் நியூ இலண்டன் என்னும் ஊரிற் பாடசாலையொன்றின் கீழே கசிந்து நிறைந்த வாயு வெடித்து ஏறக்குறைய முந்நூறு பேர், பெரும்பாலும் மாணவர், மாண்டனர். அதன் பின்னரே வாயுவில் மேர்கத்தன் என்னும் கந்தகச் சேர்வையைக் கலந்து நாற்றமூட்டுதல் அம்மாநிலத்திற் சட்டமாகி, பிற இடங்களுக்கும் பரவிற்று. அழுகிய முட்டையை நினைவூட்டும் அந்நாற்றம் வீசின் விளக்கை ஏற்றவும் அணைக்கவும் வேண்டாம். கசியுமிடத்தைத் தேடவும் வேண்டாம். அனைவரும் வெளியேறித் தூரத்தில் நின்று 911ஐ அல்லது வாயு நிறுவனத்தின் அவசர எண்ணை அழைத்தல் வேண்டும். எச்சரிக்கைக் கருவி ஒலித்தாலும் முதலில் வெளியேறுதலே முறை. இலையுதிர் காலத்தில் உலை முதன்முறை மூளும் நாளில் எழும் கருகல் மணம் இவற்றுள் அடங்காது. கோடையிற் படிந்த தூசு எரிவதனால் வருவது அது. சிறிது நேரத்தில் மறையும். மறையாவிடின் உலையை நிறுத்தல் வேண்டும்.

கோடை வந்ததும் உலையை மறந்துவிடலாம் என்று எண்ணுதலும் பிழை. பல வீடுகளிற் கோடைக்காலக் குளிரூட்டியும் உலையின் ஊதுவிசிறியையே பயன்படுத்துகின்றது. அதே வடிகட்டியினூடாகவே அக்காற்றும் செல்கின்றது. ஆகவே யூலை மாதத்திலும் அதனை எடுத்துப் பார்க்கவேண்டும்.